இரண்டு வெள்ளி வரிக்கு எழுநூற்றைம்பது வெள்ளிப் பூட்டு

போக்குவரத்து அமைச்சுக்கும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அதிகாரிகளுக்கும் வணக்கம். சம்மன், அதாவது போக்குவரத்து அபராதச் சீட்டு, பாக்கி இருந்தால் ரோட் டேக்ஸ் என்கிற வருட வாகன வரியைக் கட்டவிடாமல் பூட்டிவைக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பினாங்கு பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளுக்கும், காடி என்று நாங்கள் சொல்லும் காருக்கும் இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுப்பது என் தொழில். பதினெட்டு வருடமாக அதே இடம்தான். ஒரு மேசை, ஒரு கணினி, முருகன் காலண்டர், பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை. காலையில் பசியாற வருகிறவர்கள் அப்படியே என் கதவையும் தட்டிவிட்டுப் போவார்கள். வந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “அக்கா, ரோட் டேக்ஸ் செத்துப்போச்சு.”

மலாய்க்காரர்கள் ‘மாத்தி’ என்பதை நம்மவர்கள் அப்படியே ‘செத்துப்போச்சு’ ஆக்கிக்கொண்டோம். எப்போது செத்தது என்று கேட்பேன். நேற்று, போன வாரம் என்றால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். போன வருஷம் என்றால், ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும்.

2025 தொடக்கத்தில் அப்படி ஒருவர் வந்தார். பிறை தொழிற்பேட்டையில் இரவுக் காவல் வேலை. வயது ஐம்பதுக்கு மேல். பழைய இஎக்ஸ்5 மோட்டார், முன்னால் கம்பிக் கூடை, அதில் சாப்பாட்டுப் பாத்திரம். ரோட் டேக்ஸ் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எண்ணைத் தட்டிப் பார்த்தோம். பழைய சம்மன்கள் மூன்று கிடந்தன. இரண்டு 300, ஒன்று 150. ஆக 750 வெள்ளி (ரிங்கிட்). வண்டி கறுப்புப் பட்டியலில். அதைத் தீர்க்காமல் ரோட் டேக்ஸ் எடுக்க முடியாது.

“சரி அக்கா, ரோட் டேக்ஸ் எவ்வளவு?”

“ரெண்டு வெள்ளி.”

இருவருமே சிரித்துவிட்டோம். தீபகற்ப மலேசியாவில் 150 சிசி வரையிலான மோட்டாருக்கு ஒரு வருட வரி அவ்வளவுதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு தே தாரிக் கிடைப்பதே பெரிய விஷயம். நாட்டிலேயே மிக மலிவான வரியைத்தான் அந்த மனிதர் ஆறு மாதமாகக் கட்டாமல் இருந்தார். உங்கள் ஏட்டில் அவர் வரி கட்டாதவர். என் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால், இரண்டு வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு கட்ட வழியில்லாமல் நின்றவர்.

“சரிண்ணே, இன்சூரன்ஸாவது எடுத்து வெச்சிடுங்க. நூறு வெள்ளிச் சொச்சம்தான் ஆகும்” என்றேன். கறுப்புப் பட்டியல் இன்சூரன்ஸை மறிப்பதில்லை, ரோட் டேக்ஸைத்தான் மறிக்கிறது. அவர் சொன்ன பதிலை இந்தப் பதினெட்டு வருடத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை: “ரோட் டேக்ஸே கெடைக்காதுன்னா இன்சூரன்ஸ் மட்டும் எதுக்குக்கா? எப்படியும் புடிக்கத்தானே போறான்.”

கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அவருடைய கணக்கில் இரண்டும் ஒரே ரோட்பிளாக்கில், ஒரே அதிகாரியிடம் மாட்டும் விஷயங்கள். ஒன்று கட்டாயம் மாட்டும் என்றால் இன்னொன்றுக்கு நூறு வெள்ளி எதற்கு? அந்த நூறு வெள்ளி அவரைக் காப்பாற்ற அல்ல, அவர் யார்மேலாவது இடித்துவிட்டால் அந்த ஆளைக் காப்பாற்ற என்று நான் சொல்லத்தான் சொன்னேன். தலையாட்டினார். மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கமிஷன் போச்சே என்ற வயிற்றெரிச்சலும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் மோட்டார் இன்சூரன்ஸ் கமிஷன் ரொட்டி சானாய் இரண்டுக்குத்தான் தேறும். அதற்காக உட்கார்ந்து இவ்வளவு நீளத்துக்கு எழுத மாட்டேன்.

அபராதம் பலமாக இருந்தால் மக்கள் பயந்து வரி கட்டுவார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை என்று நினைக்கிறேன். பயப்படுகிறார்கள், உண்மைதான். ஆனால் பயம் அவர்களை உங்கள் முகப்புக்குக் கூட்டி வருவதில்லை, சந்துப் பாதைக்குள்தான் கூட்டிப் போகிறது. எந்த வளைவில் ரோட்பிளாக் என்பது வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அந்தக் காவல்காரர் அதற்கப்புறம் வேலைக்குப் போகப் பெரிய சாலையை விட்டுவிட்டு, கம்பத்து உள்பாதையில் விளக்கில்லாத இடத்தில் போய்வந்தார். எட்டு நிமிடப் பயணம் இருபது நிமிடம் ஆனது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாராம். ‘அவள முன்னால வெச்சிக்கிட்டு மாட்டினா அசிங்கம்’ என்று காரணம் சொன்னார்.

வருட நடுவில் ஒரு நாள் மாட்டினார். ரோட் டேக்ஸ் இல்லாததற்கு ஒன்று, இன்சூரன்ஸ் இல்லாததற்கு ஒன்று என இரண்டு புதுச் சம்மன். 750 வெள்ளி ஆயிரத்தைத் தாண்டியது. கொஞ்சம் நின்று இதை யோசித்துப் பாருங்கள். முதல் மூன்று சம்மனுக்காக ரோட் டேக்ஸை நிறுத்தி வைத்தீர்கள். ரோட் டேக்ஸ் இல்லை என்று நான்காவது சம்மனை எழுதினீர்கள். அந்த நான்காவது சம்மனும் ரோட் டேக்ஸ் எடுக்கக் குறுக்கே நிற்கும். கிணற்றில் விழுந்தவனுக்கு ஏணியை எடுத்துவிட்டு, ஏன் மேலே வரவில்லை என்று கேட்ட கதைதான்.

இப்போது இன்னொரு ஆள். இவர் என் கடைக்கு ஓட்டுநரை அனுப்புவார், தான் வரமாட்டார். 4,000 சிசி இறக்குமதிக் காடி. தனியார் காடிக்கான உங்கள் கட்டண அட்டவணைப்படி 3,000 சிசிக்கு மேல் போனால் 2,130 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி. அவர் காடிக்கு 6,630 வெள்ளி வருகிறது. இன்சூரன்ஸ் தனி, அதுவும் ஆயிரக்கணக்கில். ஒரு வருடம் அவர் காலத்தோடு புதுப்பிக்கவில்லை. ஓட்டுநரிடம் கேட்டேன். “பாஸ் சனி, ஞாயிறு ராத்திரிதான் எடுப்பாரு. புடிச்சா முந்நூறு வெள்ளிதானே அக்கா” என்றான் அந்தப் பையன். பாஸ் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறான் என்று புரிந்தது.

ரோட் டேக்ஸ் இல்லை என்று அங்கேயே எழுதிக் கொடுக்கும் கம்பவுன்ட் அபராதம் 300 வெள்ளியைத் தாண்டுவதில்லை. இஎக்ஸ்5 காரருக்கு அது 150 வருட வரி. அந்தப் பாஸுக்கு இரண்டரை வாரத்து வரிகூட இல்லை. அதுவும் போக, நம் நாட்டில் ரோட் டேக்ஸை எட்டு மாதம் விட்டுவிட்டு எடுத்தாலும் தாமதக் கட்டணம் கிடையாது, விட்டுப்போன எட்டு மாதத்துக்குப் பாக்கியும் கேட்கப்படுவதில்லை. எடுக்கிற நாளிலிருந்து புதுக் கணக்கு. இரண்டு வெள்ளிக்காரருக்கு இதனால் மிச்சம் ஒரு வெள்ளி சில்லறை. 6,630 வெள்ளிக்காரருக்கு நாலாயிரத்துக்கு மேல். ஒரு தடவை மாட்டினாலும் லாபம், மாட்டாவிட்டால் பெரிய லாபம். நானே அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

2025இல் சொகுசுக் காடிகளை நிறுத்தி, ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் இல்லாதவற்றைப் பறிமுதல் செய்தீர்கள். அந்தச் செய்தி வந்த வாரம் அதே ஓட்டுநர் காலையிலேயே வந்து நின்றான், கையில் காசோடு. முந்நூறு வெள்ளிக்கு அசையாத பாஸ், காடியை இழுத்துக்கொண்டு போவார்கள் என்றதும் அசைந்தார். எந்த அடி யாருக்கு வலிக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

அப்புறம் தள்ளுபடி கதை. எங்களுக்கெல்லாம் சம்மன் தள்ளுபடி என்பது தீபாவளி மலிவு விற்பனை மாதிரி. எப்போது வரும், எத்தனை விழுக்காடு என்று என்னிடமே கேட்பார்கள், நான் ஏதோ புத்ராஜெயாவில் உட்கார்ந்திருப்பது போல. 2025 நவம்பர், டிசம்பரில் 70 விழுக்காடு வரை தள்ளுபடி வந்தது. நம் காவல்காரர் மச்சானிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு போனார், பாதிக்கும் குறைவாகக் கட்டி எல்லாவற்றையும் முடித்தார். அதே நாள் மத்தியானம் என்னிடம் இன்சூரன்ஸ் எடுத்தார், போஸ்டாபீசில் ரோட் டேக்ஸ் எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நன்றி சொல்லும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்: “பார்த்தியா அக்கா, காத்திருந்தது நல்லதாப் போச்சு.”

அந்த வருடம் செப்டம்பரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை தன் மைவி காடிக்கு வந்த சம்மனைக் குறைவில்லாமல் முழுசாகக் கட்டியிருந்தார். தள்ளுபடிச் செய்தி வந்த அன்று கடைக்கு வந்து, “அப்போ நான் என்ன முட்டாளா?” என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வேன்? தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன்.

இந்த நோய் நமக்கு மட்டும் இல்லை. இந்தோனேசியாவில் வாகன வரி தாமதமானால் அபராதம் ஏறிக்கொண்டே போகும். ஏறி ஏறி யாரும் கட்ட முடியாத அளவுக்குப் போனதும் ஏதாவது ஒரு மாநிலம் ‘பெமுத்திஹான்’ அறிவிக்கும். ‘பூத்தே’ என்றால் வெள்ளை என்பது நமக்கும் தெரியுமே, வெளுத்துவிடுவது, அவ்வளவுதான். 2025இல் மேற்கு ஜாவா பழைய பாக்கியையும் அபராதத்தையும் சேர்த்தே தள்ளுபடி செய்தபோது அங்கே அலுவலகங்களில் கூட்டம் தாங்கவில்லை. அந்த வரிசையில் நின்றவர்கள் அடுத்த முறையும் வெளுக்கிற நாளுக்குக் காத்திருப்பார்களா, காலத்தோடு கட்டுவார்களா? எங்கள் காவல்காரர் பதிலை ஏற்கனவே சொல்லிவிட்டார்.

இந்த விஷயத்தில் நீங்கள் செய்த ஒரு திருத்தத்தை மனதாரப் பாராட்டுகிறேன். 2026 ஜனவரி 1 முதல் போலீஸ், ஜேபிஜே இரண்டு சம்மனுக்கும் ஒரே கணக்கு. 15 நாளுக்குள் கட்டினால் 50 விழுக்காடு குறைவு, 30 நாளுக்குள் என்றால் 33, அதற்கப்புறம் 60 நாள் வரை முழுத் தொகை, பிறகு நீதிமன்றம். முன்னால் கட்டுகிறவனுக்கு லாபம். அந்த ஆசிரியை இனிமேல் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். தயவுசெய்து இதைத் தேர்தலுக்கோ பெருநாளுக்கோ உடைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரே ஒரு முறை 70 விழுக்காடு மலிவு போட்டால் போதும், காத்திருக்கும் பழக்கம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அந்த 15 நாளை யார் எண்ணினார்களோ, அவருக்கு மாதச் சம்பளம் எப்போதும் வங்கியில் இருக்கும் போலிருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. பிறையில் நிறையப் பேருக்குச் சம்பளம் சரியாக அந்த ஏழாம் தேதிதான். பன்னிரண்டாம் தேதி சம்மன் வந்தால், 15 நாள் முடிவதற்குள் அவர்கள் கைக்கு ஒரு காசு வராது. வசதியுள்ளவனுக்குப் பாதி விலை, இல்லாதவனுக்கு அடுத்த விலை என்றாகிவிடுகிறது. பாதிச் சலுகையை 30 நாளாக்குங்கள். யாராக இருந்தாலும் நடுவில் ஒரு சம்பள நாள் வந்துவிடும்.

அதைவிட முக்கியமானது அந்தப் பூட்டு. 150 சிசி வரையிலான மோட்டார்களுக்கு, சம்மன் பாக்கி இருந்தாலும் ரோட் டேக்ஸைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். சம்மனை மன்னிக்கச் சொல்லவில்லை. அதை வேறு பக்கம் வசூலியுங்கள். வண்டியைப் பெயர் மாற்றும்போது மறியுங்கள், தவணையில் மாதம் ஐம்பது வெள்ளியாகக் கட்ட வழி விடுங்கள், 60 நாள் கடந்தால் நீதிமன்றத்துக்குக் கூப்பிடுங்கள். அதற்குத்தான் இப்போது புதுச் சட்டக் கணக்கே வந்துவிட்டதே. ரோட் டேக்ஸை மட்டும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் அதன் வாலில்தான் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டேக்ஸ் கிடைக்காது என்று வைத்தது நல்ல ஏற்பாடு. அதனால்தான் கோடிக்கணக்கான வண்டிகள் வருடம் தவறாமல் இன்சூரன்ஸ் எடுக்கின்றன. சம்மனுக்காக ரோட் டேக்ஸைப் பூட்டும்போது அந்த நல்ல ஏற்பாடும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. இந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் உட்காருபவர்களும்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடக்கூடாத வண்டிகளைத்தான் நாம் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட வைக்கிறோம்.

மோட்டார்காரர் நிலை அரசாங்கத்துக்குப் புரியாது என்று நான் சொல்ல மாட்டேன். 2019 ஜனவரி 1 முதல் பினாங்கின் இரண்டு பாலத்திலும் மோட்டாருக்கு டோல் கிடையாது. தினம் தீவுக்குப் போய்வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே மனது இதிலும் வேண்டும்.

பெரிய காடிகளுக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். விட்டுப்போன மாதங்களுக்கும் வரியைக் கேளுங்கள். வண்டி கெட்டுப்போய்ப் பட்டறையில் கிடந்தது என்றால், முன்கூட்டியே அறிவித்திருக்கட்டும். அபராதமும் அந்தக் காடியின் வரிக்கு ஏற்றபடி இருக்கட்டும். ஒரே முந்நூறு வெள்ளி எல்லோருக்கும் என்பது சமம் மாதிரிதான் தெரியும், என் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் லட்சணம்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். 2023 பிப்ரவரி 10 அன்று அமைச்சர் அந்தோணி லோக், ரோட் டேக்ஸ் ஸ்டிக்கரை இனி வண்டியில் ஒட்ட வேண்டியதில்லை, மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும் என்று அறிவித்தார். நல்லதுதான், ஆனால் அந்தக் காகிதம் தினம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியில் இருந்த தேதியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள். இப்போது முடிந்து மூன்று மாதம் கழித்து, “அய்யோ, மறந்தே போச்சு” என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். இவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. அதிலும் எங்கள் ஊரில் ஒரு விசேஷம் உண்டு. நிறையப் பேர் தீபாவளி போனஸில்தான் வண்டி எடுப்பார்கள். அப்படியானால் ஒவ்வொரு வருடமும் ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் முடிவது தீபாவளியை ஒட்டித்தான், கையில் இருக்கும் காசு துணிக்கும் முறுக்கு மாவுக்கும் போய்விடும் நேரம். முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். நான் என் வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் அனுப்புகிறேன்: ‘அண்ணே, அடுத்த மாசம் சாகப்போகுது’ என்று. யாரும் கோபித்துக்கொண்டதில்லை, பெரும்பாலானவர்கள் வந்துவிடுகிறார்கள். அபராதம் எதுவும் போடாமலேயே.

அந்தக் காவல்காரரின் விஷயத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். டிசம்பரில் ரோட் டேக்ஸ் எடுத்த அன்று, மறக்கக் கூடாது என்று அவருடைய ஹெல்மெட்டின் உள்பக்கம் முடிகிற தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். இந்த வாரம் மறுபடி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, எழுத்து அழியவில்லை பார் என்று காட்டினார். மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் மீன் பை. கூடவே அவர் சட்டைப் பையில் ஒரு காகிதம். கேமராவில் விழுந்த புதுச் சம்மன். உட்கார்ந்து நாளை எண்ணினோம். பாதி விலைக்குக் கடைசி நாள் வரும் ஐந்தாம் தேதி. சம்பளம் ஏழாம் தேதி.

பட்டர்வொர்த்திலிருந்து,
மோட்டார் இன்சூரன்ஸ் முகவர் ஒருத்தி